ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
தர்மப் பணத்திற்கும் பேரேடு வேண்டும்



ஒரு மூடை துவரம் பருப்பு வாங்கினால் சாக்கு எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு, இறக்குக் கூலி எவ்வளவு என்று பார்த்துத்தான் நாம் விலை போடுகிறோம். கிலோவுக்கு 50 காசு கூடினாலும் தரகரோடு அரை மணி நேரம் பேசுகிறோம். ஆனால் அதே கல்லாவிலிருந்து தர்மம் என்று 500 ரூபாயோ 5,000 ரூபாயோ எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் நம் கணக்குப் புத்தி கொஞ்சம் உறங்கிவிடுகிறது. வந்தவர் முகத்தைப் பார்க்கிறோம், உடன் வந்த தெரிந்த மனிதரைப் பார்க்கிறோம், கொடுத்துவிடுகிறோம். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று கூடப் படிப்பதில்லை.

கொடுத்த பிறகு கணக்குக் கேட்டால் புண்ணியம் குறைந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றுதான் சொல்லி வைத்தார்கள். ஆற்றில் போடுவதையே அளக்கச் சொன்னவர்கள், ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்குப் போட்ட பணத்தை அளக்காமல் விடச் சொல்வார்களா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை வைத்திருக்கும் நமக்கு இது வெறும் பேச்சு அல்ல. ஆடிப்பூரத் தேருக்கு வரும் கூட்டத்துக்கு அன்னதானம், கோடையில் நீர்மோர்ப் பந்தல், பள்ளி ஆண்டு விழா, ஆதரவற்றோர் இல்லம், அறுவைச் சிகிச்சைக்கு உதவி, கோயில் கும்பாபிஷேகம் என்று வருடம் முழுவதும் கடை வாசலுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிறிய கடைக்காரர் கூட வருடத்தில் கொடுத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவருக்கே வியப்பாக இருக்கும். அந்தப் பணம் எப்படித் திரட்டப்படுகிறது, எப்படிச் செலவாகிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மகமை என்னும் மரபு

தர்மத்துக்குப் பணம் திரட்டும் வழியை வியாபாரிகளுக்கு வெளியூர்க்காரர் யாரும் கற்றுத் தரவேண்டியதில்லை. மகமை என்ற சொல் நம் கடைவீதிச் சொல். சிவகங்கைச் சீமையில் உள்ள பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல ஊர் வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, உப்பு, நெல், பாக்கு, மிளகு, இரும்பு, பஞ்சு, நூல் என்று ஒவ்வொரு சரக்குக்கும் இவ்வளவு என்று அளவு வைத்துக் கோயிலுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. 'அவரவர் மனம் போல' என்று அவர்கள் விடவில்லை. சரக்குக்குச் சரக்கு அளவு வைத்து, எல்லோரும் பார்க்கக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழிலுக்குப் போனபோதும் மகமையை விடவில்லை. தொழிலோடு சேர்த்து மகமைக்கும் கணக்கு வைத்தார்கள். காசியில் இன்றும் நடக்கும் நகரச் சத்திரம் போன்ற தர்மங்கள் அந்த மரபில் வளர்ந்தவை.

நமக்கு இன்னும் அருகில் உள்ள உதாரணம் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஊர்களின் நாடார் உறவின்முறைகள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கிப் பேட்டை, கிணறு, கோயில், பள்ளி என்று அமைத்தார்கள். விருதுநகரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு பிடியரிசியும் துணை நின்றது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அதைத் திரட்டி விற்று வந்த பணம் பள்ளிக்குப் போகும். பள்ளி எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. அங்கே படித்தவர்களில் ஒருவர் காமராஜர்.

அந்தக் காமராஜர் முதலமைச்சராக இருந்து 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, முழுவதும் அரசுப் பணம் என்று ஆரம்பிக்கவில்லை. ஊர் மக்களின் பங்கும் அதில் இருந்தது. பின்னர் அரசு 60 பங்கு, ஊரார் 40 பங்கு என்ற கணக்கில் நடந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. பிடியரிசி போட்ட தாய்மார்கள் இவ்வளவையும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த மகமைக்கு ஏன் அவ்வளவு பலம்? நான்கு காரணங்கள் சொல்லலாம். தொகை சிறியது, ஆகவே யாருக்கும் பாரமில்லை. வியாபாரம் நடந்த அன்றே ஒதுக்கப்பட்டது, ஆகவே பிறகு மனம் மாற இடமில்லை. எதற்கு என்பது முன்கூட்டியே தெரியும். கடைசியாக, கொடுத்தவர்கள் முன்னிலையில் கணக்கு வைக்கப்பட்டது. முதல் மூன்றும் இன்றைக்கும் ஓரளவு இருக்கின்றன. நான்காவதுதான் தேய்ந்துகொண்டே வருகிறது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம், ஈகை 23-ஆம் அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் தனித்தனியாக வைத்தார். கேட்டு வந்த ஏழைக்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு வாழ்பவன் ஊருக்குச் செய்யவேண்டிய கடமையை அறிந்து செய்வது ஒப்புரவு. மகமை ஒப்புரவின் பக்கத்தில் நிற்பது. கடமை என்று வந்துவிட்டால் அதற்குக் கணக்கும் உண்டு.

அது யாருடைய பணம்?

நம் மொத்தக் கடைகளில் பில்லின் அடியில் சரக்கு விலை, சாக்கு, கூலி எல்லாம் எழுதிய பிறகு 'மகமை' என்று ஒரு வரி இருப்பது வழக்கம். வடநாட்டில் இதையே தர்மாதா என்பார்கள். கம்ப்யூட்டர் பில் வந்த பிறகு பல கடைகளில் அந்த வரி காணாமல் போய்விட்டது. சில கடைகளில் வரி இருக்கிறது, தனிக் கணக்கு இல்லை.

இந்தப் பணம் கடைக்காரரின் வருமானமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஹாத்ரஸ் நகரின் பிஜிலி பஞ்சாலை வழக்கில், வாடிக்கையாளரிடமிருந்து தர்மாதா என்று தனியாக வாங்கிய பணம் ஆலையின் வியாபார வரவு ஆகாது என்று 1970-களின் இறுதியில் தீர்ப்பானது. வாங்கும்போதே அது தர்மத்துக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது என்பதே காரணம். 2019-ல் மால்பானி வழக்கில், எக்சைஸ் வரிக்குச் சரக்கின் மதிப்பைக் கணக்கிடும்போதும் தர்மாதாவைச் சேர்க்கக்கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஜி.எஸ்.டி. பில்லில் எப்படிக் காட்டுவது என்பதை அவரவர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வரி ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தீர்ப்புகளுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. மகமை என்று வாங்கிய பணம் நம் பணம் அல்ல. வாடிக்கையாளர் தர்மத்துக்காக நம்மிடம் ஒப்படைத்த பணம். தனியாக எழுதாமல் கல்லாவில் கலந்துவிட்டு, "நாமும் எவ்வளவோ தர்மம் செய்கிறோம்" என்று சொல்வது சரியாகாது. பிறர் பணத்தை வைத்திருப்பவர் நாணயம் எப்படி இருக்கவேண்டும் என்று வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை.

வசூலிக்கவும் செலவு உண்டு

இப்போது வெளியிலிருந்து வரும் வசூலைப் பார்ப்போம். முன்பு நான்கு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். இன்று கல்லாப் பக்கத்தில் உண்டியல் டப்பா, ஒட்டு வில்லையில் யு.பி.ஐ. கட்டம், கைப்பேசியில் நோயுற்ற குழந்தையின் படம், கலைநிகழ்ச்சி டிக்கெட், மலருக்கு விளம்பரம் என்று பல வழிகள். எந்த வழியானாலும் வசூலிக்க ஒரு செலவு உண்டு. டப்பா வைத்துவிட்டுத் திரும்ப எடுக்க ஆள் வேண்டும். கைப்பேசியில் நம் கண்ணுக்கு அந்தப் படம் வருவதற்கு யாரோ விளம்பரப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கலைநிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்று 5 லட்சம் வசூலானது என்று வைத்துக்கொள்வோம். மண்டபம், மேடை, ஒலிபெருக்கி, கலைஞர் சம்பளம், விருந்தினர் தங்கும் அறை, சாப்பாடு, சுவரொட்டி எல்லாம் போக 1 லட்சம் மிஞ்சினால், நாம் கொடுத்த 100 ரூபாயில் 20 ரூபாய்தான் தர்மத்துக்குப் போகிறது. நிகழ்ச்சி பார்த்த மகிழ்ச்சி நமக்குக் கிடைத்தது, அதில் தவறில்லை. ஆனால் 100 ரூபாய் தர்மம் செய்தோம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

வசூலின் போது கணக்கு எப்படி இருக்கவேண்டும் என்பதற்குக் காந்தியடிகளை நினைத்துப் பார்க்கலாம். 1933 நவம்பரில் தொடங்கி ஏறக்குறைய ஒன்பது மாதம் ஹரிஜன நிதிக்காக நாடு முழுவதும் 12,500 மைல் சுற்றினார். தமிழ்நாட்டுக்கும் வந்தார். திரண்டது சுமார் 8 லட்சம் ரூபாய். பெரும்பகுதி எளிய மக்கள் போட்ட காசு. பெண்கள் கழற்றிக் கொடுத்த வளையலும் மோதிரமும் ஏலம் போய்ப் பணமாயின. மகாத்மா கேட்கிறார் என்பதால் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஆனால் பொதுப் பணத்தில் ஒரு காசு கணக்கில் குறைந்தாலும் அவர் பொறுத்துக்கொள்ளமாட்டார் என்பது உடன் இருந்தவர்கள் அனைவரும் அறிந்தது.

ஆண்டாள் கோயில் உட்பட இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் உண்டியல் திறப்பை நாம் பார்த்திருக்கிறோம். அதிகாரிகள் முன்னிலையில், பலர் கூடி உட்கார்ந்து எண்ணுகிறார்கள். தொகை செய்தித்தாளில் வருகிறது. கடவுளுக்குப் போட்ட காசையே பத்துப் பேர் பார்க்க எண்ணும்போது, மனிதர் கேட்டு வாங்கிய காசை எண்ணுவதற்கு என்ன தயக்கம்?

நிர்வாகச் செலவு பாவமல்ல

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். "முழுப் பணமும் ஏழைக்கே போகிறது, எங்களுக்கு நிர்வாகச் செலவே கிடையாது" என்று சொல்பவரைக் கண்டால் நாம் மெச்சுகிறோம். சற்று யோசிக்க வேண்டும். கணக்குப்பிள்ளை இல்லாமல் மண்டி நடக்குமா? தராசுக்கு முத்திரை போடாமல் வியாபாரம் செய்ய முடியுமா? ஒரு தர்ம நிறுவனத்துக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும், தணிக்கை செய்ய ஆடிட்டர் வேண்டும், உதவி கேட்பவர் உண்மையில் ஏழைதானா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர ஒருவர் வேண்டும். இவை செலவுதான், வீண் செலவு அல்ல.

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதில் கம்பெனியின் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் வரை அனுமதி உண்டு. வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதமாக இருந்தது. 2020-ல் அது 20 ஆகக் குறைக்கப்பட்டது. பூஜ்யம் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு சங்கங்களை எடுத்துக்கொள்வோம். முதல் சங்கம் 100 ரூபாயில் 95 ரூபாய்க்கு நோட்டு வாங்கி அரசுப் பள்ளியில் கொடுக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது, நோட்டு ஆகஸ்டில் போகிறது. அரசே விலையில்லாப் பாடநூலும் நோட்டும் கொடுத்துவிட்டது. இரண்டாவது சங்கம் 80 ரூபாயைப் பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்துக்கும் மாலை வகுப்புக்கும் செலவிடுகிறது. மீதி 20 ரூபாய், பிள்ளைகள் வருகிறார்களா என்று பார்க்கும் ஊழியருக்கு. சதவீதம் பார்த்தால் முதல் சங்கம் முந்தும். பலன் பார்த்தால் எது முந்தும் என்று வாசகர்களே சொல்லட்டும்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். நாடெங்கும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. சாலையோரத்தில் குவிந்து கிடந்த துணியை அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிவிட்டது. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பியிருந்தால் அந்த லாரி வாடகையே பாத்திரமாகவும் பாயாகவும் மாறியிருக்கும். நம் கடைவீதியிலும் இந்தச் சுபாவம் உண்டு. ஒரே தெருவில் பெரிய பேனரோடு நான்கு நீர்மோர்ப் பந்தல் இருக்கும், வெயிலில் ஜனம் நிற்கும் பஸ் நிறுத்தத்தில் ஒன்றும் இருக்காது.

அரவிந்த் காட்டிய வழி

தர்மத்தை வியாபாரக் கணக்கோடு நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் மதுரைக்குப் போய்ப் பார்க்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின் 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பெரிய நன்கொடை வந்து ஆரம்பித்தது அல்ல, குடும்பத்தார் வீட்டையும் நகையையும் அடகு வைத்து வளர்த்தது.

கொடுக்க முடிந்தவர் கட்டணம் கொடுக்கிறார். அந்த வரவில், கொடுக்க முடியாதவருக்கும் அதே மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து 100 டாலர் அளவில் வந்துகொண்டிருந்தது. 1992-ல் அரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கித் தாங்களே செய்து 10 டாலர் அளவுக்குக் கொண்டு வந்தார்கள். கொள்முதல் விலையைக் குறைத்தால் லாபம் கூடும் என்பது நம் பாடம். அவர்கள் அந்த லாபத்தைப் பார்வையாகக் கொடுத்தார்கள்.

ஊர் ஊராக நடக்கும் கண் முகாம்களில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. விளம்பரம், இடம் போன்ற முகாம் செலவை உள்ளூர்ச் சங்கமோ வியாபாரியோ ஏற்கிறார். அறுவைச் சிகிச்சையை மருத்துவமனை ஏற்கிறது. யார் எதற்குப் பொறுப்பு என்பது முதலிலேயே தெரியும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் கண்புரை எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை கிடைத்துவிடும். கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று எவரும் விழிக்க வேண்டியதில்லை.

கட்டடமும் கட்டளையும்

நம் ஊர்களில் கொடையாளர்களுக்குக் குறைவில்லை. 1949 முதல் 1952 வரை சென்னையின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் ராஜபாளையத்தின் காந்தி கலை மன்றம். 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் பெயரில் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. 1973-ல் ராஜுக்கள் கல்லூரி வந்தது.

இத்தகைய கொடைகளைப் பார்க்கும்போது ஒன்றை நினைக்கவேண்டும். கட்டடம் கட்டப் பணம் கொடுப்பவர் பலர், ஏனென்றால் கல்வெட்டில் பெயர் வரும். அதே கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க, கரண்ட் பில் கட்ட, காவலாளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் கொடுப்பவர் எத்தனை பேர்? பெரியவர் பெயரில் மண்டபம் இருக்கும், அதன் கழிவறைக்குக் கதவு இருக்காது.

பழைய காலத்தில் இதற்குக் கட்டளை என்ற ஏற்பாடு இருந்தது. விளக்கெரிக்க நிலம் எழுதி வைப்பார்கள். முதல் அப்படியே இருக்கும், விளைச்சலில் விளக்கு எரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலத்துக்குப் பதில் ரொக்கமாக வைத்தபோது விலைவாசி அதைத் தின்றுவிட்டது. 1990-களில் ஒருவர் தம் தந்தை பெயரில் ஒரு பள்ளியில் 10,000 ரூபாய் டெபாசிட் வைத்தார் என்று கொள்வோம். அன்று 12 சதவீத வட்டியில் வருடம் 1,200 ரூபாய் வந்தது, நல்ல பரிசு. இன்று ஆறரை சதவீதம் என்றால் 650 ரூபாய். ஒரு புத்தகப் பை வாங்கினாலே தீர்ந்தது. வட்டியில் கால் பங்கையாவது முதலோடு சேர்த்து வந்திருந்தால் பரிசு இவ்வளவு இளைத்திருக்காது. அறக்கட்டளை வைக்கும் அன்பர்கள் இதைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நலம்.

வருடா வருடம் புது நன்கொடையில் நடக்கும் தர்மத்துக்கு வேறு பலம் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அரிசியும் காய்கறியும் பணமும் நாள்தோறும் வந்து சேர்வதால் எரிகிறது. சோறு கண்ணெதிரே பரிமாறப்படுகிறது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் பந்தியில் உட்கார்ந்து பார்க்கலாம். அதைவிடப் பெரிய தணிக்கை இல்லை.

சட்டம் சொல்வது

இங்கிலாந்தில் தர்ம நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் 1853 முதல் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் தர்ம ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் எல்லாப் பொது அறக்கட்டளைக்கும் சேர்த்து அப்படி ஒரு தனி ஆணையர் இல்லை. சங்கமாகப் பதிந்தவை 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்குக் கொடுக்கவேண்டும். அறக்கட்டளைகளைப் பெரும்பாலும் வருமான வரித் துறைதான் பார்க்கிறது. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தையாவது தர்மத்துக்குச் செலவிட வேண்டும். மீதியைச் சேர்த்து வைக்கத் தனி விதிகள் உண்டு.

நன்கொடை கொடுப்பவர் அறியவேண்டியவை சில. 80ஜி என்று நாம் பல காலம் சொல்லி வந்த சலுகை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு. 2026 ஏப்ரல் 1-ல் தொடங்கும் புதிய சட்டத்தில் பிரிவு எண் வேறு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுப்பது நல்லது. நிறுவனம் தன் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, நமக்குச் சான்றிதழ் தரவேண்டும். கையெழுத்து ரசீது மட்டும் போதாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபருக்கு இந்தச் சலுகையே இல்லை. "வரி மிச்சமாகும்" என்று சொல்லிக் கேட்பவரிடம் இதை நினைவில் வையுங்கள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

வசூலுக்கு வருபவரை விரட்ட வேண்டியதில்லை. நாற்காலி கொடுத்து, காபி கொடுத்து, அன்போடு ஐந்து கேள்வி கேட்கலாம்.

1. நிறுவனம் எங்கே, எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது?
2. போன வருடம் மொத்த வரவு எவ்வளவு, வசூலிக்க ஆன செலவு எவ்வளவு?
3. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கின் நகல் கொடுக்க முடியுமா?
4. எத்தனை பேர் பயன் பெற்றார்கள், போய்ப் பார்க்கலாமா?
5. பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா, தனி மனிதர் கணக்குக்கா?

உண்மையாக நடத்துபவர்கள் இந்தக் கேள்விகளால் வருத்தப்படமாட்டார்கள். மகிழ்ச்சியோடு கணக்கைக் காட்டுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைவீதிக்கு ஒலிபெருக்கி கட்டிய வேனில் ஒரு குழு வந்தது. பதிவு எண் கேட்டதற்கு, "தர்மத்துக்கு இத்தனை கேள்வியா?" என்று கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கோபமே போதுமான பதில்.

நம் வீட்டுக் கணக்கு

பிறரைக் கேட்கும் முன் நம் சங்கத்தின் கணக்கையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சில யோசனைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

மகமை வாங்கும் ஒவ்வொரு கடையும் பேரேட்டில் அதற்குத் தனிப் பக்கம் போடட்டும். மாதம் ஒருமுறை அந்தத் தொகை தனி வங்கிக் கணக்குக்குப் போகட்டும். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று சிதறடிக்காமல், மூன்று வருடத்துக்கு ஒரே நோக்கம் வைத்துக்கொள்ளலாம். நம் மூடைகளைச் சுமந்து முதுகு வளைந்த லோடுமேன்களின் பிள்ளைகள் இன்று கல்லூரி வாசல் வரை வந்துவிட்டார்கள். முதல் வருடக் கட்டணம் கட்ட முடியாமல் ஏதாவது ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடும் பிள்ளைகளை நாம் கண்ணால் பார்க்கிறோம். அந்தக் கட்டணத்தைப் பிள்ளை கையில் கொடுக்காமல் கல்லூரிக்கே காசோலையாகச் செலுத்தலாம். படிப்பைத் தொடர்கிறார்களா என்று வருடா வருடம் பார்க்க ஒருவரை நியமித்து, 100-க்கு 10 ரூபாய்க்குள் அந்தச் செலவை அடக்கலாம்.

வருட முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது மகமைக்கும் ஐந்தொகை எடுத்து, பொதுக்குழுவில் வாய்விட்டுப் படிக்கவேண்டும். சங்கப் பலகையிலும் ஒட்டவேண்டும். பிள்ளைகளின் பெயரைப் போட்டு அவர்களைக் கூச வைக்க வேண்டியதில்லை. எத்தனை பேர், என்ன படிப்பு, எவ்வளவு தொகை என்பது போதும். 100 ரூபாய் மகமை கொடுத்த பெட்டிக்கடைக்காரரும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்தால், அடுத்த வருடம் அவர் 200 ரூபாய் கொடுப்பார். கடனுக்குச் சரக்கு கொடுக்கும் நமக்கு இது தெரியாததல்ல: கணக்கு நேராக இருக்கும் இடத்தில்தான் மேலும் பணம் நம்பி இறங்கும்.

அடுத்து வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் 'மகமை வரவு செலவு' என்று ஒரு பொருளைச் சேர்க்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள் அவரவர் மகமைப் பக்கத்தோடு வந்து கலந்துகொள்ள வேண்டுகிறோம்.